பகுதியும் விகுதியும்: ஒரு மிதிவண்டி கற்பித்த பாடம்

பழையதைச் சீர்செய்து வைத்துக்கொள்வதா, அதை விடுத்துப் புதியதை வாங்குவதா என்னும் வினா எந்த இல்லத்திற்கும் புதியதன்று. கூரை ஒழுகும்போதும், தையல் இயந்திரம் நின்றுபோகும்போதும், மூக்குக்கண்ணாடியின் கால் ஒடியும்போதும் இவ்வினா நம் முன் வந்து நிற்கின்றது. நம்மிற் பலர் பையிலுள்ள பணத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்கின்றோம். சிலர் மனத்திலுள்ள பற்றைப் பார்த்து விடை சொல்கின்றோம். பொருளையே பார்த்து விடை சொல்வோர் மிகச் சிலர். அச்சிலருள் யாம் இல்லை என்பதை எம் இளைய மகனின் மலை மிதிவண்டி எமக்கு உணர்த்திற்று. அவ்வண்டியின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். அதனோடு யாம் இழக்க இருந்ததோ விலைமதிப்பில்லாதது. துறையின் இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமென மாணவர்கள் கேட்டபோது, இலக்கியத் தலைப்புகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதனையே எழுதத் துணிந்தோம்.

அத்தாவின் வண்டி

எம் அத்தா துணி வணிகர். கடை வைத்து விற்றவர் அல்லர். மிதிவண்டியின் கேரியரில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் தெருத்தெருவாகச் சென்று விற்றவர். 1971-ஆம் ஆண்டில் வாங்கிய ஹெர்குலஸ் வண்டி அது. 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் உடைய கறுப்பு வண்டி. எமக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அவ்வண்டியில் ஏதேனும் ஒன்று மாறிக்கொண்டே இருந்தது. டயர் மாறியதற்குக் கணக்கில்லை. ரிம் இருமுறை மாறிற்று. செயினும் பெடலும் சீட்டும் மாறின. ஒரு மழைக்காலத்தில் பாலத்துச் சுவரில் மோதியதால் முன் ஃபோர்க்கும் மாறிற்று. எனினும் அது அத்தாவின் வண்டியாகவே இருந்தது. அவர் 2004-ஆம் ஆண்டில் மறையும்வரை ஓடிற்று.

"வண்டி பழசாகாது; சாமான்தான் பழசாகும்" என்பது அவர் அடிக்கடி கூறும் சொல். அந்த வண்டி சுமந்த துணிமூட்டையின் வருவாயில் படித்து ஆசிரியப் பணிக்கு வந்தவர்கள் யாம். ஆகவே அச்சொல்லை ஒரு நூற்பாவைப் போலவே மனத்தில் இருத்திக்கொண்டோம். நூற்பாவை மனனம் செய்வது எளிது. அது எவ்விடத்திற்குப் பொருந்தும், எவ்விடத்திற்குப் பொருந்தாது என்று அறிவதே அரிது. இதனை வகுப்பறையில் ஆண்டுதோறும் கூறிவரும் யாமே வீட்டில் அதனை மறந்தோம்.

இருபத்தொரு கியர்

2015-ஆம் ஆண்டில் எம் மூத்த மகனுக்கு 14,000 ரூபாயில் ஒரு மலை மிதிவண்டி வாங்கிக் கொடுத்தோம். அலுமினியக் கலவையால் ஆன பிரேம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பற்சக்கரமும் பின்னால் ஏழுமாக இருபத்தொரு கியர், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பிரேக். அவன் பட்டயப் படிப்பை முடித்து 2022-இல் துபாய்க்குப் பணிக்குச் சென்றான். வண்டி தம்பியின் கைக்கு வந்தது.

இளையவன் அண்ணனைப் போன்றவன் அல்லன். அண்ணனுக்கு வண்டி பள்ளிக்குச் செல்லும் வழி. தம்பிக்கு அதுவே உலகம். விடுமுறை நாள்களில் விடியற்காலையில் நண்பர்களோடு திராட்சைத் தோட்டங்களுக்கு இடைப்பட்ட மண்பாதைகளில் செல்வான். சில நாள்களில் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறி இறங்குவான். ஏழாண்டு பழைய வண்டி அவ்வுழைப்பைத் தாங்கவில்லை. "அத்தா, புது வண்டி வாங்கலாமா?" என்று ஒருமுறை கேட்டான். யாம் எம் அத்தாவின் நூற்பாவைச் சொன்னோம். அவன் மறுமுறை கேட்கவில்லை.

சிறுகச் சிறுகச் சேர்ந்த செலவு

முதலில் செயின் நழுவத் தொடங்கிற்று. 500 ரூபாய்க்குப் புதுச் செயின் வாங்கி மாட்டினோம். பழையது எப்போதேனும் நழுவிற்று. புதியதோ மேடு ஏறும்போதெல்லாம் பல்லைத் தாண்டிக் குதித்தது. எங்கள் தெருமுனையில் நாற்பதாண்டாகக் கடை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் காரணம் சொன்னார். செயினின் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி அரை அங்குலம். ஆகவே இருபத்து நான்கு இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஓட ஓட ஊசிகள் தேய்ந்து அந்நீளம் கூடும். 12 அங்குலத்திற்குமேல் ஒரு வீசம் கூடியதும் செயினை மாற்றிவிட்டால் பற்சக்கரம் பிழைக்கும். அரைக்கால் அங்குலம் கூடும்வரை விட்டுவிட்டால், நீண்ட செயினுக்கு ஏற்பப் பற்களும் தேய்ந்துவிடும். பிறகு புதுச் செயின் அப்பற்களில் அமராது. வீசமும் அரைக்காலும் பழங்கணக்கில் மட்டுமே உண்டென்று எண்ணியிருந்த எமக்கு, அவை ஒரு சைக்கிள் கடையில் உயிரோடு இருப்பது வியப்பளித்தது.

எனவே 600 ரூபாய்க்குப் பின்பற்சக்கரமான ஃப்ரீவீலையும் மாற்றினோம். அடுத்த மூன்று திங்களில் டயர் இரண்டும் 1,600 ரூபாய். இதுவரை செய்தவற்றுள் தவறேதும் இல்லை. தேய்ந்ததை மாற்றினோம், அவ்வளவே. தவறு அதன்பின் தொடங்கிற்று.

மகனின் நண்பர்கள் சிலர் நல்ல ஷாக் அமைந்த ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் உடைய வண்டி வைத்திருந்தனர். அவன் கேட்கவில்லை, பார்த்தான். அந்தப் பார்வையை யாம் பார்த்தோம். புது வண்டி வாங்க மனமில்லை. மகனை ஏங்கவிடவும் மனமில்லை. ஆகவே பழைய வண்டியையே புது வண்டி ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். பக்கத்து நகரின் ஒரு கடையில் 4,500 ரூபாய்க்கு உயரமான ஃபோர்க் வாங்கினோம். பின்னர் 5,200 ரூபாய்க்கு டிஸ்க் பொருத்தத்தக்க சக்கரங்களும் பிரேக்கும் வாங்கினோம். பிரேமில் டிஸ்க் பிரேக்கைத் திருகி வைக்க இடமே இல்லை. "அதுக்கு ஒரு கிளாம்ப் இருக்கு சார், எல்லாம் ஓடும்" என்றார் கடைக்காரர். பின்சக்கரத்தின் இடப்பக்கத்துக் குழாயில் அந்தக் கிளாம்ப்பை இறுக்கி, அதன்மேல் பிரேக்கை மாட்டிக் கொடுத்தார்.

தெருமுனை மெக்கானிக் அதனைக் கண்டதும், "இது இந்தப் பிரேமுக்கு உள்ளது இல்லையே சார்" என்றார். அவர் பழைய காலத்து மனிதர், புதியன அறியாதவர் என்று எமக்குள் எண்ணிக்கொண்டோம். நாற்பதாண்டு இரும்பையும் திருகாணியையும் கையாண்ட கையைவிட, எம் எண்ணம் எமக்குப் பெரிதாயிற்று.

மயிரிழை

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் குமுளிக்குச் செல்ல நண்பர்கள் திட்டமிட்டிருந்தனர். மகன் முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். திடீரென்று, "அத்தா, இது பெயின்ட் கீறலா, இல்ல வேற எதுவுமா?" என்று கேட்டான்.

குனிந்து பார்த்தோம். கிளாம்ப் இறுக்கிய இடத்தை ஒட்டி, குழாயைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு கோடு. துணியால் துடைத்தோம், போகவில்லை. நகத்தால் வருடினோம், நகம் அதில் சிக்கிற்று. இருக்கையை அழுத்தியபோது அக்கோடு சற்றே வாய் திறந்து மூடிற்று. அது பெயின்ட் கீறலன்று.

"எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "ரெண்டு வாரமா பிரேக் பிடிச்சா பின்னாடி ஒரு மாதிரி அதிருதுத்தா. சொன்னா திரும்பச் செலவு வருமேன்னு சொல்லல."

மாணவச் செல்வங்களே! இக்கட்டுரையில் உள்ள மற்றவற்றை எல்லாம் நீங்கள் மறந்துவிடலாம். இந்த ஒரு தொடரை மட்டும் எம்மால் மறக்க முடியவில்லை. இரு வாரமாக அந்த மயிரிழையின்மேல் எம் மகன் மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கியிருக்கின்றான். அதனை அவன் எம்மிடம் சொல்லாமைக்குக் காரணம் எம் சிக்கனம். சிக்கனம் என்று யாம் பெயரிட்டு வைத்திருந்தது ஒரு பிள்ளையின் வாயை அடைத்திருந்தது. இறையருளால் கோடு கோடாகவே இருந்தபோது கண்டோம்.

இரும்பும் அலுமினியமும்

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக் கடைக்குச் சென்றோம். வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்டோம். அத்தாவின் வண்டியில் ஒருமுறை பிரேமின் இணைப்பு விட்டபோது, பித்தளைப் பற்று வைத்து ஒட்டியதைச் சிறுவயதில் கண்டிருக்கின்றோம். மெக்கானிக் தலையசைத்தார்.

"அது இரும்பு சார். இது வேற."

அவர் சுருக்கமாகச் சொன்னதைப் பின்னர் படித்து விரிவாக அறிந்துகொண்டோம். மிதிவண்டிகளில் பெரிதும் பயன்படும் அலுமினியக் கலவைகளுள் ஒன்று 6061 என்னும் எண்ணால் குறிக்கப்பெறுவது. அக்கலவைக்கு இயல்பிலேயே மிகுந்த வலிமை இல்லை. உயர்ந்த வெப்பத்தில் வைத்துச் சட்டெனக் குளிர்வித்து, மீண்டும் மிதமான வெப்பத்தில் நெடுநேரம் வைத்துப் பதப்படுத்துவதால்தான் வலிமை வருகின்றது. வெல்டிங் வைத்தால் அவ்விடத்தில் அந்தப் பதம் கெட்டுவிடும். வண்டி முழுதாகத் தோன்றும், வலிமை இராது. மேலும், இரும்பு தான் தாங்கும் எல்லைக்கு உட்பட்ட சுமையை எத்தனை முறையும் தாங்க வல்லது. அலுமினியமோ சிறு சுமையையும் கணக்கு வைத்துக்கொள்கின்றது. மீண்டும் மீண்டும் வளையுமாயின் என்றேனும் ஒருநாள் விரிசல் காணும். அதனாற்றான் அலுமினியப் பிரேமின் குழாய்களைத் தடித்தனவாக அமைத்து, வளையாமல் காக்கின்றனர். டிஸ்க் பிரேக்குக்கென அமைத்த பிரேமில், பிரேக்கின் இழுப்பு எங்கே விழும் எனக் கணக்கிட்டு அவ்விடத்தை வலுப்படுத்தியிருப்பர். எம் மகனின் பிரேமில் அந்த இழுப்பு முழுவதும், அதற்கென அமையாத ஒரு குழாயின்மேல் விழுந்திருக்கின்றது.

அன்று நண்பகலில் எம் துணைவியார் வீட்டுக் கணக்குக் குறிப்பேட்டை எம்முன் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. செயின் 500, ஃப்ரீவீல் 600, டயர் 1,600, ஃபோர்க் 4,500, சக்கரமும் பிரேக்கும் 5,200; ஆக 12,400 ரூபாய். பதினாலாயிரத்திற்கு வாங்கிய பழைய வண்டிக்கு, ஏறத்தாழ இன்னொரு வண்டியின் விலையைத் தவணை முறையில் கட்டியிருந்தோம். புதியது வாங்கவில்லை என்ற பெருமையை மட்டும் வட்டியாகப் பெற்றிருந்தோம்.

மலை மிதிவண்டி பிறந்த கதை

அன்றிரவு மகன் தன் கைப்பேசியில், மலை மிதிவண்டி தோன்றிய வரலாற்றைப் படித்துக் காட்டினான். எம்மைத் தேற்றுவதற்காகவே அவன் அதனைத் தேடியெடுத்தான் என்று எண்ணுகின்றோம். ஏனெனில் அது பழைய வண்டிக்குப் புது உறுப்புப் பூட்டியவர்களின் வரலாறு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்னும் மாவட்டம். அங்கே டமால்பையஸ் என்னும் மலை. 1970-களில் அப்பகுதி இளைஞர்கள் சிலர், இரண்டாம் உலகப்போருக்கு முற்பட்ட காலத்துத் தடித்த டயர் வண்டிகளைத் தேடிப் பிடித்து, மலையின் மண்பாதைகளில் இறங்கி ஓட்டினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் முதற்போட்டி நடந்தது. ஏறத்தாழ 2 மைல் தொலைவில் 1,300 அடி இறங்கும் பாதை அது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், அந்த இறக்கத்தில் சூடேறிப் புகைந்து, உள்ளிருந்த கிரீஸ் முழுதும் எரிந்துபோகும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அவ்வாறு மீண்டும் அடைப்பதைக் குறிக்கும் 'ரீபேக்' என்னும் சொல்லே அப்பாதைக்குப் பெயராயிற்று.

கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலியோர் அக்குழுவினர். அவர்களும் எம்மைப் போலவே பழைய பிரேமில் கியரைப் பூட்டினர். வலுவான பிரேக்கைப் பூட்டினர். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளைப் பூட்டினர். ஆனால் பிரேமே அவ்வுழைப்பைத் தாங்காமல் வளைந்தும் முறிந்தும் போனபோது, அவர்கள் பூட்டுவதை நிறுத்தினர். 1977-ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ், மலைப்பாதைக்கென்றே புதிய பிரேமைத் தம் கையால் அமைத்தார். 1979-இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிட்சி அமைத்த பிரேம்களைக் கொண்டு இவ்வகை வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது. பழையதற்குப் புது உறுப்புப் பூட்டியதால் அவ்வண்டி கருக்கொண்டது. பழையதை விடுத்ததால் பிறந்தது. இரண்டும் உண்மை. எப்போது பூட்டுவது, எப்போது விடுவது என்று அறிந்ததே அவர்கள் திறம்.

பகுபதம் கூறும் விடை

மறுநாள் முதலாண்டு மாணவர்க்குப் பகுபத உறுப்புகளை நடத்த வேண்டியிருந்தது. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று கரும்பலகையில் எழுதிய கை இடையில் நின்றது. செய்தான், செய்தாள், செய்தது: விகுதி மாறுகின்றது, 'செய்' என்னும் பகுதி நிற்கின்றது. செய்கின்றான், செய்வான்: இடைநிலை மாறுகின்றது, பகுதி நிற்கின்றது. பகுதி நிற்கும்வரை அது அச்சொல்லின் குடும்பமே. பகுதி மாறினாலோ அது வேறு சொல்.

மிதிவண்டிக்குப் பிரேமே பகுதி. சக்கரமும் பிரேக்கும் செயினும் விகுதியும் இடைநிலையும் போல்வன. அத்தாவின் வண்டி முப்பதாண்டுக்கு மேல் நின்றது, அதன் பகுதி நின்றதனால். அன்றியும் எல்லா விகுதியும் எல்லாப் பகுதியோடும் புணர்வதில்லை. அத்தாவின் காலத்துக் கறுப்பு வண்டிகளில் ஒரு நிறுவனத்தின் உறுப்பு மற்றொன்றின் வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்திற்று. ஆகவே எந்த ஊர்க் கடையிலும் அதற்குச் சாமான் கிடைத்தது. மலை மிதிவண்டி அப்படிப்பட்டதன்று. 26 அங்குலச் சக்கரத்திற்கு அமைந்த பிரேமில் 29 அங்குலச் சக்கரம் நுழையாது. கைப்பிடிக்குக் கீழுள்ள கழுத்துக் குழாய், பழைய வண்டிகளில் ஒன்றேயரைக்கால் அங்குல ஃபோர்க்குக்கு நேராக அமைந்தது; இன்றைய நல்ல ஃபோர்க்குகள் பலவற்றின் தண்டு அடியில் ஒன்றரை அங்குலமாக விரிகின்றது. மரையில் திருகும் ஏழு பற்சக்கர ஃப்ரீவீல் உள்ள சக்கரத்தில், இன்றைய பத்துப் பற்சக்கரக் கேசட் அமராது. சக்கரத்தின் நடுப்பகுதியையே மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மூன்றை மாற்றச் சொல்லும். "வண்டி பழசாகாது" என்ற அத்தாவின் சொல் பொய்யன்று. அது அவர் வண்டிக்கு எழுந்த நூற்பா. யாம் அதனைப் பொருந்தா இடத்தில் ஓதினோம்.

முடிவு

ஒரு திங்கள் கழித்து 28,500 ரூபாயில் புதிய வண்டி வாங்கினோம். பாதிப் பணத்தை மூத்தவன் அனுப்பினான். எம் மகனின் உயரத்திற்கு ஏற்ற பிரேம். அதிலேயே டிஸ்க் பிரேக்குக்கு இடம். பழைய வண்டியின் ஃபோர்க்கும் முன்சக்கரமும் பிரேக்கும், பழுதற்ற 26 அங்குலப் பிரேம் வைத்திருந்த அடுத்த தெருச் சிறுவனுக்குப் போயின. அவன் ஃபோர்க்கில் டிஸ்க் மாட்ட இடமுண்டா என்பதையும், பிரேமுக்கு அதன் உயரம் பொருந்துமா என்பதையும் மெக்கானிக் அளந்து பார்த்த பின்னரே கொடுத்தோம். விரிசல் கண்ட பிரேமைப் பழைய இரும்புக்குப் போடுமுன், மெக்கானிக் இரம்பத்தால் இரண்டாக அறுத்தார். "யாராச்சும் எடுத்து ஒட்டி ஓட்டிடக் கூடாது சார்" என்றார். அவர் பழைய காலத்து மனிதர் என்று எண்ணியதற்காக அன்று உள்ளுக்குள் நாணினோம்.

இவ்வினா உங்கள் முன் வரும்போது, யாம் பிந்திக் கற்றதை நீங்கள் முந்திக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, பிரேம் நலமாக உள்ளதா, ஓட்டுபவர் உயரத்திற்குப் பொருந்துகின்றதா? இல்லையெனில் அதன்மேல் ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள். இரண்டாவது, வாங்கும் உறுப்பை அந்தப் பிரேம் இயல்பாக ஏற்குமா, வலிந்து ஏற்கச் செய்கின்றோமா? மூன்றாவது, தேய்ந்ததை மாற்றுகின்றோமா, அல்லது வண்டியை வேறொரு வண்டி ஆக்க முயல்கின்றோமா? செயின், டயர், பிரேக் கட்டை, ஒயர் ஆகியன தேய்ந்தால் தயங்காமல் மாற்றுங்கள்; அதுவே உண்மைச் சிக்கனம். வேறொரு வண்டிதான் வேண்டுமென்றால் அவ்வண்டியையே வாங்குங்கள். தனித்தனியே வாங்கும் உறுப்புகள், தொழிற்சாலை மொத்தமாக வாங்கிப் பூட்டும் உறுப்புகளைவிட விலை மிக்கவை. செலவு புது வண்டியின் பாதி விலையைத் தொடும்போது நின்று எண்ணுவது என்று எம் வீட்டில் இப்போது வரையறுத்துள்ளோம்.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ளோர்க்கும் ஒன்று சொல்ல விழைகின்றோம். பிள்ளைகள் ஒரு பொருளைக் கேட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால், அவர்கள் நிறைவு பெற்றுவிட்டார்கள் என்று கொள்ள வேண்டா. "வண்டி எப்படி ஓடுகிறது?" என்று இப்போது வாரந்தோறும் யாமே கேட்கின்றோம். கேட்டபின் குனிந்து பார்க்கவும் செய்கின்றோம்.

பழைய வண்டியிலிருந்து புதியதற்கு வந்தவை இரண்டே. ஒன்று பெடல்; அதன் மரையளவு இரண்டிலும் ஒன்றே. மற்றொன்று மணி. அது எம் அத்தாவின் ஹெர்குலஸ் வண்டியில் இருந்தது. அவர் மறைந்தபின் கழற்றி வைத்திருந்ததை மூத்தவன் தன் வண்டியில் மாட்டியிருந்தான். எவ்வளவோ பொருந்தாமற்போன அந்தப் புது வண்டியின் கைப்பிடியில், அம்மணி மட்டும் ஒரு திருகில் அமர்ந்துகொண்டது. விடுமுறை நாள் விடியலில் எம் மகன் தெருமுனையைத் திரும்பும்போது அதனை ஒருமுறை ஒலிக்கின்றான். வண்டி நலம் என்று அவன் சொல்வதாக எடுத்துக்கொண்டு, யாம் மீண்டும் உறங்கப் போகின்றோம்.